பிச்சைச் சம்பளமா, உரிமைப் பணமா?



சென்ற மாதம் எங்கள் வானொலியில் ஓய்வூதியக் கணக்குகள் பற்றிப் பேசியிருந்தேன். நிகழ்ச்சி முடிந்து பத்து நிமிடம் ஆகவில்லை, நிலையத்துத் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் எழுபது வயதைத் தாண்டிய ஐயா ஒருவர். இறைச்சித் தொழிற்சாலையில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கிடைக்கும் அரச ஓய்வூதியம் முழுமையானதல்ல. இந்த நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளுக்கு ஏற்ற பங்குதான் அவருக்கு வருகிறது. வாடகை கட்டியபின் அவருக்கும் மனைவிக்கும் மிஞ்சுவது கொஞ்சம். ஓய்வூதியருக்கென்று இருக்கும் வாடகை உதவிக்கு விண்ணப்பித்தீர்களா என்று கேட்டேன்.

"தம்பி, நான் உழைச்சுச் சாப்பிட்ட ஆள். இந்த வயதில என்னைப் பிச்சைச் சம்பளம் எடுக்கச் சொல்லுறீரோ?" என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்த ஐயாவுக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்.

பிச்சைச் சம்பளம் என்ற சொல் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஊரில் ஆதரவற்ற முதியோருக்கும் விதவைகளுக்கும் அரசாங்கம் மாதந்தோறும் ஒரு சிறுதொகை கொடுத்தது. கடதாசியில் அதன் பெயர் பொதுசன உதவிப்பணம். ஊர்வாயில் அது பிச்சைச் சம்பளம். சிங்களத்தில் அதைப் 'பின் படி', அதாவது புண்ணியச் சம்பளம் என்பார்கள். ஒரு மொழியில் அது கொடுப்பவருக்குப் புண்ணியம், மற்ற மொழியில் வாங்குபவருக்குப் பிச்சை. இரண்டு பெயரிலும் உரிமை என்ற எண்ணம் இல்லை. எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு கிழவி அந்தக் காசை எடுக்கத் தபாற்கந்தோருக்குப் போகும் நாளில், ஆட்கள் காணாதபடி விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடுவார். சிறுவயதில் நான் கண்ட காட்சி அது.

இந்த வெட்கம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. டென்மார்க்கின் நாட்டுப்புற மக்களும் இதே வெட்கத்தோடு நூறு வருடத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறார்கள்.

டென்மார்க்கின் முதலாவது ஜனநாயக அரசியலமைப்பு 1849 இல் வந்தது. சொந்தக் குடித்தனம் நடத்திய, 30 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. ஆனால் வறியோர் நிவாரணம் பெற்றவர் அதைத் திருப்பிக் கட்டும்வரை, அல்லது அந்தக் கடன் தள்ளுபடி செய்யப்படும்வரை, வாக்களிக்க முடியாது. திருமணம் செய்வதென்றாலும் நிவாரண அதிகாரிகளின் சம்மதம் வேண்டியிருந்தது. பசிக்கு வாங்கிய உதவி, ஒருவரைக் கணக்கில் கடனாளியாகவும் ஊரில் குறைந்தவராகவும் ஆக்கியது.

19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஊர்ச்சபைகள் பல இடங்களில் வறியோர் இல்லங்களைக் கட்டின. உதவி வேண்டுமென்றால் வீட்டை விட்டு அங்கே போய்த் தங்கி, கொடுத்த வேலையைச் செய்ய வேண்டும். ஸ்வென்ட்போர்க் நகரில் 1872 இல் கட்டப்பட்ட அத்தகைய இல்லம் 1974 வரை இயங்கியது. பின்னர் அது அருங்காட்சியகமாக மாறியது. சில வருடங்களுக்கு முன் அங்கே போயிருந்தேன். உயர்ந்த மதிலையும், வேலை செய்வித்த அறைகளையும் பார்த்தபோது எனக்கு ஒழுங்கைக் கிழவியின் நினைவுதான் வந்தது.

அந்தக் காலத்து விவசாயக் குடும்பத்தில் முதுமைக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. தகப்பன் பண்ணையை மகனுக்குக் கொடுக்கும்போது, தனக்கும் மனைவிக்கும் வருடத்துக்கு இவ்வளவு தானியம், இவ்வளவு பால், இவ்வளவு எரிபொருள், இருக்க ஓர் அறை என்று ஒப்பந்தம் எழுதி வைப்பார். எங்கள் ஊரில் பிள்ளைக்குக் காணியை நன்கொடை உறுதி எழுதும்போது பெற்றோர் சீவிய உரித்தை வைத்துக்கொள்வதில்லையா, அதுபோலத்தான். காணி இருந்தால் இது சரி. கூலிக்கு உழைத்தவர் எதை வைத்து உறுதி எழுதுவார்?

மாடு வைத்திருந்தவர்களுக்கும் ஒரு வழி பிறந்தது. மேற்கு யூலாந்தில் ஹெடிங் என்ற சிற்றூரில் 1882 இல் முதலாவது கூட்டுறவுப் பாற்சாலை தொடங்கியது. பத்து வருடங்களுக்குள் நாடெங்கும் நூற்றுக்கணக்கில் அவை பெருகின. ஒரு மாடு இரண்டு மாடு வைத்திருந்தவர் கையிலும் தவணை தவறாமல் பால்காசு புழங்கத் தொடங்கியது. காணியும் இல்லாத, மாடும் இல்லாத, உடலில் பலமும் போன முதியவருக்கு மட்டும் வறியோர் இல்லம்தான் மிச்சம்.

இந்த நிலையில்தான் 1891 ஏப்ரல் 9 ஆம் திகதி முதியோர் உதவிச் சட்டம் வந்தது. 60 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். முந்திய 10 வருடங்களில் வறியோர் நிவாரணம் பெற்றிருக்கக் கூடாது. வறுமை தன் ஊதாரித்தனத்தால் வந்ததாக இருக்கக் கூடாது. இப்படியானவருக்கு வறியோர் நிவாரணத்துக்குப் புறம்பாக உதவி கிடைத்தது. அதை வாங்கியவர் வாக்குரிமையை இழக்கவில்லை, தன் வீட்டை விட்டு வெளியேறவும் தேவையில்லை. செலவில் பாதியை அரசாங்கம் ஊர்ச்சபைக்குத் திருப்பிக் கொடுத்தது.

கணக்காளன் என்றபடியால் இந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஜேர்மனியில் பிஸ்மார்க் 1889 இல் கொண்டுவந்த முதுமைக் காப்புறுதி, தொழிலாளியும் முதலாளியும் கட்டிய சந்தாவிலும் அரச மானியத்திலும் நடந்தது. டென்மார்க்கிலோ பெரும்பான்மையோர் நாட்டுப்புறத்தில் இருந்தார்கள். குறுநில விவசாயிக்கும் நாட்கூலிக்கும் கழிப்பதற்கு ஒழுங்கான சம்பளச் சீட்டே இல்லை. அதைவிட, வறியோரைப் பராமரிக்கும் செலவு காணி வரியாக விவசாயிகளின் தலையில்தான் விழுந்தது. அதைப் பொதுவரிக்கு மாற்றுவது அவர்களுக்கும் இலாபம். அதே 1891 இல் பியர் மீது புதிய வரி விதிக்கப்பட்டது. ஆகவே கருணை மட்டும் இந்தச் சட்டத்தைக் கொண்டுவரவில்லை, கணக்கும் சேர்ந்தே கொண்டுவந்தது. காசு பொதுவரியில் இருந்து வந்தபடியால், சந்தா கட்டாதவர் என்று சொல்லி ஒரு கூலிக்காரக் கிழவியைத் தள்ளிவைக்க முடியாமற்போனது.

ஆனால் 1891 இன் சட்டத்தில் பெரிய குறை ஒன்று இருந்தது. தொகை எவ்வளவு என்று சட்டம் சொல்லவில்லை. ஊர்ச்சபை தீர்மானிக்கும், காசாகவும் கொடுக்கலாம், பொருளாகவும் கொடுக்கலாம். சபையில் இருப்பவர் யார்? பக்கத்துப் பண்ணைக்காரர், முன்னாள் முதலாளி. அவர்கள்தான் உங்கள் ஒழுக்கத்தையும் அளப்பார்கள். எவ்வளவு வருமென்று முன்கூட்டியே தெரியாத பணத்தை வைத்து எந்தக் குடும்பமும் திட்டம் போட முடியாது.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. என் அம்மாவிடம் படித்தேன்.

யாழ்ப்பாணத்தில் வணிகப் பட்டம் முடித்து 1990களின் நடுப்பகுதியில் இங்கே வந்தேன். ஆரம்பத்தில் கிடைத்த வேலையெல்லாம் செய்தேன். மேலதிக நேர வேலை கிடைத்தால் ஒரேயடியாகப் பெருந்தொகை அனுப்புவேன். பிறகு மூன்று நான்கு மாதம் ஒன்றுமிராது. நல்ல மகனாக நடப்பதாகத்தான் எனக்கு நினைப்பு. வடமராட்சியில் அம்மாவும் தங்கச்சி குடும்பமும் குத்தகைக் காணியில் வெங்காயம் செய்தார்கள். ஒருநாள் அம்மாவின் கடிதம் வந்தது. "தம்பி, நீ அனுப்பும் காசு வந்த கிழமையே கடைக்காரரின் கொப்பிக்கும் வட்டிக்கும் போய்விடுகிறது. குறைய அனுப்பினாலும் பரவாயில்லை. மாதம் பிறந்தால் வரும் என்று தெரிந்தால் போதும்."

வணிகம் படித்த எனக்கு அது உறைக்க அம்மாவின் கடிதம் வேண்டியிருந்தது. ஒரு வருடத்தில் அனுப்பிய மொத்தத்தைக் கூட்டிப் பன்னிரண்டால் பிரித்தேன். அந்தத் தொகையை ஒவ்வொரு மாதமும் உண்டியல்காரரிடம் கொடுத்தேன். ஒரு குரோனர்கூடக் கூட்டவில்லை.

இரண்டு வருடத்தில் வீடு மாறிவிட்டது. முதலில் கடைக் கொப்பி மூடப்பட்டது. கடனுக்கு வாங்கும்போது கடைக்காரர் சொன்னதுதான் விலை. கைக்காசுக்கு வாங்கும்போது பேரம் பேச முடிந்தது. அடைவில் இருந்த தங்கச்சியின் சங்கிலி மீண்டு வந்தது, மறுபடி போகவில்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் வெங்காயத்தில். முன்பெல்லாம் கிண்டிய உடனே, விலை விழுந்து கிடக்கும் நேரத்தில், கடனுக்காக வியாபாரியிடம் கொடுத்துவிடுவார்கள். அடுத்த போகத்துக்கு விதை வெங்காயமும் கடனுக்குத்தான். மாதக்காசு வரத் தொடங்கியபின் வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக் கொட்டிலில் தூக்கிவைத்து, விலை ஏறும்வரை பொறுத்திருந்தார்கள். விதைக்கும் தாங்களே எடுத்து வைத்தார்கள். நான் அனுப்பிய காசு வெங்காயத்தில் போடப்படவில்லை. பொறுத்திருக்கும் தெம்பைத்தான் அது கொடுத்தது.

டென்மார்க் இதே பாடத்தைச் சட்டத்தில் எழுத 31 வருடம் எடுத்தது. 1922 இல் முதியோர் உதவிக்கு நிலையான தொகைகள் வகுக்கப்பட்டன. வயதெல்லை 65 ஆக உயர்ந்தாலும், எவ்வளவு வரும் என்பது இப்போது ஊர்ச்சபையின் மனநிலையைப் பொறுத்ததல்ல. 1933 இல் சமூக அமைச்சர் ஸ்டைன்க்க சிதறிக் கிடந்த சட்டங்களை நான்கு பெருஞ்சட்டங்களாகச் சேர்த்தார். உதவி தயவால் வருவதல்ல, உரிமையால் வருவது என்பதே அந்தச் சீர்திருத்தத்தின் அடிப்படை. ஆனாலும் அப்போதும் ஒரு பகுதியினருக்கு நிவாரணம் பெற்றால் வாக்குரிமை போகும் என்ற தண்டனை தொடர்ந்தது.

1956 இல் மக்கள் ஓய்வூதியச் சட்டம் நிறைவேறி மறு வருடம் நடைமுறைக்கு வந்தது. 67 வயதானால், வருமானம் எதுவாக இருந்தாலும், பண்ணை முதலாளிக்கும் பண்ணைக் கூலிக்கும் குறைந்தபட்சத் தொகை ஒன்று உண்டு. எல்லோரும் வாங்கும்போது யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது? கடைசியாக 1961 இல்தான் நிவாரணம் பெற்றவரின் வாக்குரிமையைப் பறிக்கும் விதி முற்றாக நீங்கியது. 1849 இலிருந்து கணக்குப் பார்த்தால் 112 வருடங்கள்.

இந்தப் பாதை நேராகவே போனது என்று சொன்னால் அது பொய். நாட்டில் நீண்டகாலம் வாழாதவர்களுக்குக் குறைந்த உதவி என்று 2002 இல் ஒரு விதி வந்தது. 2012 இல் அது நீக்கப்பட்டது, 2015 இல் வேறு பெயரில் திரும்பி வந்தது. உரிமை என்று எழுதியதையும் காவல் காக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்திலும் சொற்கள் மாறி வருகின்றன. தமிழ்நாட்டில் 2023 செப்டெம்பர் 15 ஆம் திகதி ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியது. அதன் பெயர் மகளிர் உரிமைத் தொகை. தகுதி நிபந்தனைகள் அதிலும் இருந்தன. ஆனாலும் பெயரிலேயே உரிமை என்ற சொல் வந்துவிட்டது. விடியற்காலையில் தபாற்கந்தோருக்குப் போன அந்தக் கிழவிக்கு இந்தச் சொல் கிடைத்திருந்தால் சற்றுப் பிந்திப் புறப்பட்டிருப்பார்.

இனி, ஐயா, உங்களுக்கு. நீங்கள் இருபது வருடத்துக்கு மேல் வருமான வரி கட்டினீர்கள். கடையில் வாங்கிய ஒவ்வொரு பால்பெட்டியிலும் பெறுமதி வரி கட்டினீர்கள், இன்றும் கட்டுகிறீர்கள். 1891 இல் பியர் குடித்தவரின் வரியில் ஒரு கூலிக்காரக் கிழவி தன் வீட்டிலேயே வாழ்ந்தது போல, உங்கள் வரியில் யாரோ ஒரு டெனிஷ் முதியவர் வாடகை கட்டியிருப்பார். அவர் அதைப் பிச்சை என்று நினைக்கவில்லை. நீங்களும் நினைக்க வேண்டாம். உதவியை வாங்கியதற்காக இந்த நாட்டில் இப்போது உங்கள் வாக்கு போகாது, வீடு போகாது, பெயரும் போகாது. வாங்காமல் விட்டால் மிச்சப்படுவது அரசாங்கத்தின் காசு; சுருங்குவது அம்மாவின் சமையல்.

போன கிழமை அதே ஐயா மறுபடி அழைத்தார். இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் படிவத்தை எடுத்து வையும் தம்பி, மனுசியையும் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார்.

மாதத்தின் முதலாவது சனிக்கிழமை பிற்பகலில் நிலையத்தில் இருப்பேன். வாடகை ஒப்பந்தத்தையும் ஓய்வூதியக் கடிதத்தையும் கையோடு கொண்டு வாருங்கள். மற்றவர்களும் வரலாம், தேநீர் இருக்கும்.