காபோ பிளாங்கோ: பெருமீன்கள் வந்துபோன கரை

தூண்டிலால் பிடிக்கப்பட்ட மிகப் பெரிய கருமார்லின் மீன் எது என்று கேட்டால், விடை இன்னமும் 1953ஆம் ஆண்டிலேயே நிற்கிறது. அவ்வாண்டு ஓகஸ்ட் 4ஆம் திகதி, பெரு நாட்டின் வடகரையிலுள்ள காபோ பிளாங்கோ என்னும் மீனவக் கிராமத்துக்கு அப்பால், அமெரிக்கச் செல்வந்தரான அல்பிரட் கிளாசெல் 1,560 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 708 கிலோகிராம் எடையுள்ள மீனைப் பிடித்தார். எழுபது ஆண்டுகள் கடந்தும் அச்சாதனை முறியடிக்கப்படவில்லை.

இக்கிராமத்துக்கு இச்சிறப்பு வாய்த்தமைக்குக் காரணம் கடலின் அமைப்பே. தெற்கிலிருந்து கரையோரமாக வரும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் இப்பகுதியில்தான் மேற்கே திரும்புகிறது. வடக்கிலிருந்து வரும் வெப்பநீர் அதனைச் சந்திக்கிறது. ஆழத்திலிருந்து மேலெழும் சத்துகளால் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை உண்ண, நாம் நெத்தலி என்றழைக்கும் இனத்தைச் சேர்ந்த சிறுமீன்கள் வருகின்றன. அவற்றைத் தொடர்ந்து கணவாயும் சூரையும், இறுதியில் மார்லினும் வருகின்றன.

1950களில் இங்கு இயங்கிய மீன்பிடிக் கழகத்துக்கு உலகின் செல்வந்தர்கள் வந்து குவிந்தனர். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஏர்னஸ்ட் ஹெமிங்வே, 1956 ஏப்ரல், மே மாதங்களில், தமது 'கிழவனும் கடலும்' கதையின் திரைப்படத்துக்காகப் பெருமீன் தேடி இங்கு தங்கியிருந்தார்.

ஆனால், இதே காலத்தில் பெருவில் மீன்மாவுத் தொழிலும் அசுர வளர்ச்சி கண்டது. மேலைநாடுகளின் கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் தீவனமாக்குவதற்காக, 1970இல் மாத்திரம் 1 கோடியே 20 இலட்சம் தொன்னுக்கும் அதிகமான நெத்தலி பிடிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் எல் நினோ கடலை வெப்பமாக்கியபோது, ஏற்கெனவே நலிந்திருந்த மீன்வளம் சரிந்தது. 1973இல் பிடிபட்டது 20 இலட்சம் தொன்னுக்கும் குறைவே.

காபோ பிளாங்கோவின் பெருமீன்கள் அதற்கு முன்னரே அருகத் தொடங்கியிருந்தன. 1968இல் இராணுவ ஆட்சியும் வந்தது. 1970 அளவில் கழகம் மூடப்பட்டுவிட்டது. இவ்வீழ்ச்சியை ஒரே காரணத்துள் அடக்குவது சரியன்று. நீரோட்டம், அளவுகடந்த மீன்பிடி, அரசியல் மாற்றம் ஆகிய மூன்றையும் சேர்த்தே நோக்க வேண்டும். எனினும் ஒன்று தெளிவு. பெருமீனைப் போற்றியவர்கள், அதற்கு இரையான சிறுமீனைக் காக்க வேண்டுமென்று எண்ணவில்லை.

செல்வந்தர்கள் சென்றுவிட்டனர். மீனவர்களோ அங்கேயே இருக்கின்றனர். பாய்மரப் படகில் தொழில் செய்யும் மரபையும் அவர்கள் கைவிடவில்லை. 2024 ஏப்ரலில் பெரு அரசாங்கம் காபோ பிளாங்கோ உள்ளிட்ட கடற்பகுதிகளைத் தேசிய ஒதுக்கிடமாகப் பிரகடனம் செய்தது. காலந்தாழ்த்திய முடிவுதான். ஆயினும், இம்முறை காக்கப்படுவது ஒரு மீன் மட்டுமன்று, அது வாழும் கடல் என்பதே ஆறுதல்.