சாவுக்கொட்டும் கேசட்டும்

மதுரைச் சுற்றுவட்டார ஊர்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அதை ஊருக்குச் சொல்லும் கருவி பறை. தப்பு என்றும் கொட்டு என்றும் அதற்குப் பெயர் உண்டு. வளைந்த மரத்துண்டுகளை இரும்புத் தகடு வைத்து இணைத்து வட்டச் சட்டமாக்கி, அதன்மேல் மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவார்கள். இடது கையில் மெல்லிய நீண்ட சுண்டுக்குச்சி, வலது கையில் தடித்த குட்டையான அடிக்குச்சி. வாசிக்கும் முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலை அனலில் காட்டுவார்கள். ஈரம் வற்றித் தோல் விறைக்க விறைக்கச் சுருதி ஏறும். விரலால் ஒரு சுண்டு சுண்டி, கணீரென்று கேட்ட பிறகே அடி தொடங்கும். சாமிச்சாட்டுக்கு ஓர் அடி, அருள் வருவதற்கு ஓர் அடி, மாரடித்து அழுவதற்கு ஓர் அடி என்று ஒவ்வொரு காரியத்துக்கும் தனித்தனி அடி உண்டு.

இக்கருவி மிகப் பழையது. தொல்காப்பியம் திணைகளுக்குரிய கருப்பொருள்களில் பறையைச் சேர்த்திருக்கிறது. பக்குடுக்கை நன்கணியார் பாடிய புறநானூற்றின் 194ஆம் பாட்டு, ஒரு வீட்டில் சாவுக்குரிய நெய்தல் பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் காட்டுகிறது. பின்னர் சாதி இறுகிய காலத்தில், சாவுக்கு அடிப்பது ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட ஊழியமாயிற்று. பிணத்தோடு சேர்த்துக் கருவியும், கருவியோடு சேர்த்து அதை அடித்தவரும் தீட்டாக்கப்பட்டனர்.

ஒலிப்பதிவுத் தொழில் வந்தபோதும் இந்தச் சாதி வரிசை மாறவில்லை. மதுரையில் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமியின் முதல் இசைத்தட்டு 1926இல், அவருக்குப் பத்து வயதானபோது வெளிவந்தது. கச்சேரி இசையும் நாடக மேடைப் பாட்டும் அதன்பின் சினிமாப் பாட்டும் தட்டுகளை நிரப்பின. தட்டு அச்சிடப் பெரிய முதல் வேண்டும். போட்ட முதல் திரும்ப வர வேண்டும். சாவு வீட்டு ஓசைக்கு அந்தச் சந்தையில் விலையில்லை.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட் இந்த நிலையை மாற்றியது. இந்தியாவில் அது 1980களில் பட்டிதொட்டி எங்கும் பரவியது. குறைந்த செலவில் பதிவு செய்யலாம், இரண்டு டெக் இருந்தால் வீட்டிலேயே படி எடுக்கலாம். கம்பெனி தயவு தேவைப்படாத இசை உலகெங்கும் இந்த நாடாவில்தான் பிழைத்தது.

அதற்கு இன்னொரு கோடியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு, இங்கிலாந்தில் தோன்றிய கோர்கிரைண்ட் என்னும் கடுமையான மெட்டல் இசை. லிவர்பூலைச் சேர்ந்த கார்கஸ் குழுவின் முதல் தொகுப்பான ‘ரீக் ஆஃப் பியூட்ரிஃபாக்‌ஷன்’ 1988இல் நாட்டிங்ஹாமின் சிறு நிறுவனமான இயரேக் வழியாக வந்தது. மருத்துவ அகராதிச் சொற்களால் பிணத்தின் அழுகலைப் பாடிய அந்த 22 உருப்படிகளும் ஒரு தனி வகைக்கே வித்திட்டன. அவ்வகைக் குழுக்களின் தொடக்கப் பதிவுகள் கடைகளுக்குப் போகாமல், தபாலில் கேசட்டாகக் கைமாறின. சாவைப் பற்றிய ஓசை, அதைக் கேட்கக் கூசும் பெரிய சந்தை, அந்தச் சந்தையைச் சுற்றிக்கொண்டு போகும் மலிவான நாடா ஆகிய மூன்றும் மதுரையிலும் இருந்தன. ஆனால் கார்கஸ் குழுவினர் சாவைத் தாங்களாகத் தேர்ந்து பாடினர். பறையடித்தவர்கள்மேல் அது சுமத்தப்பட்டிருந்தது.

மதுரையில் கேசட் கொண்டுவந்த மாற்றத்துக்குக் களமான இடங்களில் ஒன்று அரசரடி. தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் இணைந்து 1969இல் அமைத்த தமிழ்நாடு இறையியல் கல்லூரி அங்கே இருக்கிறது. அங்கு ஆசிரியராக இருந்த ஜே. தியாபிலஸ் அப்பாவு (1940–2005), ‘பரட்டை’ என்ற பெயரில் பாட்டுகள் கட்டினார். அதுவரை தேவாலயங்களில் ஒலித்தவை மேல்நாட்டு ஞானப்பாட்டும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழிவந்த கீர்த்தனைகளும். சபையாரில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினராக இருந்தும், அவர்கள் வயலிலும் தெருவிலும் பாடிய மெட்டுக்கு ஆலயத்தில் இடமில்லை. அப்பாவு முழு வழிபாட்டையும் நாட்டுப்புற மெட்டிலும் பேச்சு வழக்கிலும் அமைத்தார். ‘கிராமிய இசை வழிபாடு’ என்ற பெயரில் அது 1990களின் நடுவில் கேசட்டாக வெளிவந்தது.

கேட்பவர் மாற்றிப் பாட வேண்டும் என்பதே அப்பாவுவின் நோக்கம். எழுதி வைத்த சுரத்தைப் பிசகாமல் ஒப்பிப்பவர் பிறருடைய இசைக்குக் கட்டுப்பட்டவர். மெட்டைத் தன் ஊருக்கேற்பத் திருப்பிக்கொள்பவர் அதன் சொந்தக்காரர் என்று அவர் கருதினார். கல்லூரி மாணவர்கள் பாட்டுகளைத் தங்கள் ஊர்ச் சபைகளுக்கு எடுத்துச் சென்றனர். எல்லாரும் ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்பது என்ற கருத்து அவருடைய வழிபாட்டின் மையம். சேர்ந்து உண்ண மறுப்பதே சாதியின் முதல் விதி என்பதால், அதை உடைப்பதே வழிபாடு என்று அவர் கொண்டார்.

இதே காலத்தில் அம்பேத்கர் நூற்றாண்டை (1991) ஒட்டித் தலித் கலை இயக்கம் எழுந்தது. அரசரடிக் கல்லூரியின் தலித் ஆதார மையம் நடத்திய கலைவிழாக்களில் பறை மேடையேறியது. சிவகங்கைச் சீமையில் பிறந்த கே. ஏ. குணசேகரன், இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டை ஊர் ஊராகப் பாடிப் பரப்பினார். இயக்கத்துக்குள் ஒரு பெரிய விவாதமும் நடந்தது. பறையே அடிமைச் சின்னம், அதைத் தூக்கி எறிய வேண்டும் என்றது ஒரு தரப்பு. எறிய வேண்டியது கட்டாய ஊழியத்தைத்தான், கருவியை அல்ல என்றது மறுதரப்பு. பல ஊர்களில் இளைஞர்கள் சாவுக்கு அடிக்க மறுத்தனர். அவர்களில் சிலர் அதே பறையை விழாமேடையில் கையில் எடுத்தனர்.

பறையின் வீச்சு இன்னும் விரிந்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழு, ஆண்களே அடித்துவந்த கருவியைத் தலித் பெண்களின் கையில் கொடுத்தது. அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் 2011இல் பறைக் கலைஞர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். 2014இல் அப்பாவுவின் இசையைப் பற்றி நூல் வெளியிட்டார். மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த பறை ஆசிரியர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கேசட்டின் காலம் முடிந்துவிட்டது. அனலில் தோலைக் காட்டும் பழக்கம் சாவு வீட்டிலும் பயிற்சிக் களத்திலும் அப்படியே தொடர்கிறது.