80 ரூபாயில் தொடங்கிய அப்பளக் கதை

மலருக்குத் தொழில் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கன்னு கூட்டமைப்பில் கேட்டப்ப, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அப்பளம்தான். எங்க குழு அப்பளம் போட்டு, ரெண்டாவது வருஷமே நிறுத்திய கதை உங்களில் பல பேருக்குத் தெரியும். அதுக்கப்புறம்தான் அதே அப்பளத்தை வெச்சு ஜெயித்த பெண்களின் சரித்திரத்தைத் தேடிப் படிச்சேன்.

நம்ம தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியது 1989-ல், தருமபுரி மாவட்டத்தில். அதற்கு 30 வருஷம் முன்னாடி, 1959 மார்ச் 15-ம் தேதி, பம்பாயில் கிர்காம் என்ற பகுதியில் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் 7 பெண்கள் அப்பளம் போட உட்கார்ந்தார்கள். குஜராத்திக் குடும்பப் பெண்கள். பெரிய படிப்பு கிடையாது, அப்பளம் போட மட்டும் நல்லாத் தெரியும். சகன்லால் கரம்சி பரேக் என்ற சமூக சேவகரிடம் 80 ரூபாய் கடன் வாங்கினார்கள். முதல் நாள் தேறியது 4 பாக்கெட். அதைப் புலேஷ்வர் கடைவீதியில் ஒரு வியாபாரியிடம் கொடுத்தார்கள். அந்த 4 பாக்கெட்தான் பின்னால் லிஜ்ஜத் அப்பளம் ஆனது. டிவி விளம்பரத்தில் முயல் பொம்மை வருமே, அதேதான். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இன்றைக்கு அந்த அமைப்பில் 45 ஆயிரம் பெண்கள் வரை இருக்கிறார்கள்.

முதல் வருஷ விற்பனை 6,196 ரூபாய். அதிலும் மழைக்காலத்தில் 4 மாசம் வேலையே நடக்கவில்லை, அப்பளம் காயாது இல்லையா? அடுத்த வருஷம் ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளம், அடியில் ஸ்டவ். அவ்வளவுதான், மழையிலும் வேலை நிற்கவில்லை. இதைப் படிச்சப்ப எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வானத்தைப் பார்த்துக்கிட்டு நாங்க உட்கார்ந்திருந்தோமே தவிர, இப்படி ஒரு யோசனை யாருக்கும் வரவில்லை. ட்ரையர் மெஷினுக்கு மானியம் வருமான்னு மட்டும் விசாரிச்சோம்.

மானியம் வேண்டாம்னு நான் சொல்லவில்லை. அவர்களுக்கும் 1966-ல் கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் அங்கீகாரம் கிடைத்தது, நடைமுறை மூலதனமாக 8 லட்சம் ரூபாயும் வந்தது. ஆனால் அது வருவதற்குள் 7 வருஷம் தங்கள் காலில் நடந்து விட்டார்கள். 1962-63-லேயே விற்பனை 1 லட்சத்து 82 ஆயிரம் ரூபாய். நஷ்டம் வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தார்கள்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தொடக்கத்தில் அவர்கள் ரெண்டு தரத்தில் அப்பளம் போட்டார்கள், ஒன்று நல்லது, இன்னொன்று விலை குறைச்சல். கடன் கொடுத்த சகன்லால்தான், ஒரே தரம் போடுங்க, அதில் எப்போதும் இறங்காதீங்க, கணக்கை ஒழுங்கா எழுதுங்க என்று அறிவுரை சொன்னார். அவர்களும் ரெண்டாம் தரத்தை விட்டுவிட்டார்கள். இன்றும் உளுந்து, மிளகு, பெருங்காயம் எல்லாவற்றையும் தலைமை அலுவலகமே வாங்கிக் கிளைகளுக்கு அனுப்புகிறது. எந்த ஊரில் போட்டாலும் ஒரே ருசி வரணும் என்பதற்காக.

எங்க கதை நேர் எதிர். ரெண்டாம் வருஷம் உளுந்து விலை ஏறியது. கொஞ்சம் மைதா கலந்தா யாருக்குத் தெரியப் போகுதுன்னு சொன்னது நான்தான். கூட்டத்தில் 11 பேர் சரின்னு சொன்னாங்க, ஒரே ஒரு அக்கா மட்டும் வேண்டாம்னு சொன்னாங்க. கல்யாண ஆர்டர் ஒன்றுக்கு 3 பெட்டி அனுப்பினோம். சமையல் மாஸ்டர் எண்ணெயில் போட்டவுடன் அப்பளம் சிவந்து போச்சே தவிர, பொரியலை. மூணு பெட்டியும் திரும்பி வந்தது. அன்றைக்கு மாவு பிசைந்தது அந்த அக்கா. அப்பளக்காரம் சரியாப் போடலைன்னு பழியை அவங்க மேல் போட்டோம். நானும் வாயை மூடிக்கிட்டிருந்தேன். தீர்மான நோட்டில் நஷ்டம் முழுவதும் அவங்க சேமிப்பில் கழிப்பதாக எழுதியதும் என் கைதான். அடுத்த மாசம் அவங்க குழுவை விட்டுப் போயிட்டாங்க.

லிஜ்ஜத்தில் லாபமோ நஷ்டமோ எல்லா உறுப்பினர்களுக்கும் சமம். ஒருத்தி பிசைந்தாள், ஒருத்தி இட்டாள், ஒருத்தி பாக்கெட் கட்டினாள் என்ற கணக்கு கிடையாது. அங்கே ஒருவரை ஒருவர் ‘பென்’, அதாவது சகோதரி, என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் மேடையில் சகோதரிகளேன்னுதான் பேசுகிறோம்.

பணம் வாங்கும் விதமும் நமக்குப் பாடம். அப்பளம் இடும் பெண்ணுக்கு அன்றன்றைக்கே கூலி. அதனால் சரக்கு எடுக்கும் விநியோகஸ்தரும் கையில் காசு கொடுத்துத்தான் எடுக்கணும். நாங்க மளிகைக் கடைகளுக்குக் கடனில் கொடுத்துட்டு, மாசக் கடைசியில் ஞாபகம் இருப்பதை நோட்டில் எழுதுவோம். அதில் வராத பாக்கி இன்றும் வரவில்லை.

வளரும்போது மொட்டை மாடி போதவில்லை. பிசைந்த மாவை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, மறுநாள் அப்பளத்தைச் சோதித்து வாங்கினார்கள். வீட்டில் சுத்தமான இடம் இருக்கான்னு முதலில் போய்ப் பார்ப்பார்கள். இடம் இல்லாத பெண்ணைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், பிசையவோ பாக்கெட் போடவோ வேலை உண்டு. எனக்கு இது ரொம்பப் பிடிச்சது. அவர்களும் எல்லாத்திலும் ஜெயிக்கவில்லை. 1961-ல் மலாடில் கிளை தொடங்கினார்கள், நடக்கவில்லை. பின்னால் தீப்பெட்டி, ஊதுபத்தி, தோல் பொருள் என்று இறங்கிப் பார்த்து விட்டுவிட்டார்கள். மாவு மில், மசாலாப் பொடி, அச்சுக்கூடம் நின்றன. அப்பளத்துக்கு மாவு வேணும், பாக்கெட்டுக்கு அச்சு வேணும். கைவேலைக்குப் பக்கத்தில் இருந்த தொழில்தான் நிலைத்தது என்று எனக்குப் படுகிறது.

எங்க குழு இந்த வருஷம் மறுபடி அப்பளம் போடலாம்னு பேசிக்கிட்டிருக்கு. தீர்மான நோட்டில் மூணு வரி எழுதியாச்சு: உளுந்து மட்டும், கடனுக்குக் கிடையாது, நஷ்டம் வந்தால் 12 பேருக்கும் சமம். இப்போ நாங்க 11 பேர்தான் இருக்கோம். அந்த அக்கா பக்கத்து ஊராட்சிக் குழுவில் இருக்காங்க, இந்த மலர் அவங்க கைக்கும் வரும். அக்கா, அன்றைக்கு மாவு கெட்டது உங்க கையால் இல்லை. உங்க சேமிப்பில் பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானம் போட்டாச்சு. வர்ற செவ்வாய்க்கிழமை நானே கொண்டு வர்றேன்.