பச்சை டிக்கும் 1,500 ரூபாயும் – ஒரு செலினியக் கதை

பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்தவனுக்கு செலினியத்தோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 2019 வரை எனக்கும் அது பள்ளிக்கூட வேதியியல் அட்டவணையில் எங்கேயோ இருந்த ஒரு தனிமம், அவ்வளவுதான்.

அந்த வருடம் எங்கள் வங்கியின் கிளை மென்பொருளை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரிலிருந்து மற்ற உலாவிகளுக்கு மாற்றினார்கள். கிளை அனுபவம் உள்ளவர்கள் திரைகளைச் சோதித்துச் சொல்ல வேண்டும் என்று என்னையும் இன்னும் சிலரையும் மும்பைக்கு டெபுடேஷனில் வரச் சொன்னார்கள். வேலை இதுதான்: எக்செல் தாளில் ஒவ்வொரு திரைக்கும் என்ன செய்ய வேண்டும், எதை உள்ளிட வேண்டும், என்ன விடை வர வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். டெஸ்டிங் கம்பெனியிலிருந்து வந்திருந்த பிள்ளைகள் அதை ஸ்கிரிப்டாக மாற்றுவார்கள். ராத்திரி ஆளில்லாமல் ஓடும். காலையில் அறிக்கை வரும். பச்சை என்றால் பாஸ், சிவப்பு என்றால் ஃபெயில். பச்சைக்கெல்லாம் நான் கையெழுத்துப் போடுவேன்.

டெபாசிட்டை முதிர்வுக்கு முன்னால் முடிக்கும் திரையும் பச்சைதான். போட்டேன் கையெழுத்து.

புதிய திரை கிளைகளுக்குப் போன இரண்டாவது வாரம் விதர்பா பக்கத்திலிருந்து ஒரு கிளை மேலாளர் போன் செய்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் 3 லட்ச ரூபாய் டெபாசிட்டை ஒரு வருடத்தில் முடித்திருக்கிறார். எங்கள் விதிப்படி மூத்த குடிமக்களுக்குச் சேர வேண்டிய அரை சதவீதத்தைத் திரை சேர்க்கவே இல்லை. சுமார் 1,500 ரூபாய் குறைவு. மனிதர் ஒரு பழைய சலான் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக் கொண்டுவந்து கவுண்டரில் நீட்டியிருக்கிறார். கம்ப்யூட்டர் சொன்னது தப்பு, பென்சில் சொன்னது சரி.

ஸ்கிரிப்ட் எழுதிய பெண்ணைக் கூப்பிட்டேன். திண்டுக்கல் பக்கம், வயது இருபத்து மூன்று இருக்கும். "என்னம்மா, இதை ராத்திரி ஓட்டினதா இல்லையா?" என்றேன், கொஞ்சம் கோபமாகவே. அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் நான் எழுதிக் கொடுத்த எக்செல் வரியைத் திறந்து காட்டினாள். எதிர்பார்க்கும் விடை என்ற பத்தியில் என் எழுத்து: 'கணக்கு முடிக்கப்பட்டது என்ற செய்தி வர வேண்டும்.'

"செய்தி வந்துச்சு சார். அதைத்தான் பார்க்கச் சொல்லியிருந்தீங்க."

தொகையைப் பார்க்கச் சொல்லி நான் எழுதவே இல்லை. வவுச்சரைப் பார்க்காமல் லெட்ஜரில் டிக் அடித்த ஆடிட்டர் மாதிரிதான்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஒன்று புரிந்தது. உலாவிச் சோதனையில் பெரியவர்கள் சொல்லும் ஒவ்வொரு யோசனைக்குப் பின்னாலும் யாரோ எங்கேயோ பட்ட அடி ஒன்று இருக்கிறது. நம் வீடுகளில் டெஸ்டிங் வேலை பார்க்கும் பிள்ளைகள் நிறைய. அவர்கள் ராத்திரி எதோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்று அப்பா அம்மாவுக்கும் தெரியட்டுமே.

2004-ம் வருடம். அமெரிக்காவில் சிகாகோ. தாட்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனியில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவருக்குக் கொடுத்த வேலை, ஊழியர்கள் வேலை நேரத்தையும் செலவையும் பதியும் ஒரு உள் அலுவலக மென்பொருள். நம்ம டி.ஏ. பில் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும், ஒவ்வொரு உலாவியிலும் கையால் சோதித்துப் பார்ப்பது பெரிய ரோதனை. உலாவிக்குள்ளேயே ஓடி, தானே சொடுக்கி, தானே தட்டச்சு செய்யும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரலை எழுதினார். அதுதான் செலினியத்தின் ஆரம்பம்.

பெயருக்குப் பின்னால் ஒரு குசும்பு உண்டு. அந்தக் காலத்தில் சோதனைக் கருவிகளில் கொடிகட்டிப் பறந்தது மெர்க்குரி இன்டராக்டிவ் என்ற கம்பெனி. வின்ரன்னர், க்விக்டெஸ்ட் எல்லாம் அவர்களுடையது. லைசென்ஸ் விலை சின்னக் கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகாது. மெர்க்குரி என்றால் பாதரசம். பாதரச நஞ்சுக்கு செலினியம் முறிவு என்று ஒரு பேச்சு உண்டு. ஹக்கின்ஸ் கேலியாகச் சொன்னது அப்படியே பெயராக நின்றுவிட்டது. மெர்க்குரியை 2006-ல் ஹெச்.பி. சுமார் 450 கோடி டாலருக்கு வாங்கியது. செலினியமோ அன்றும் இலவசம், இன்றும் இலவசம் :-)

முதல் செலினியத்தில் சோதனைகளை எழுதியது மூன்று பத்தி அட்டவணையில். முதல் பத்தியில் கட்டளை, இரண்டாவதில் திரையில் எந்த இடம், மூன்றாவதில் என்ன மதிப்பு. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் எக்செல் தாளின் மூதாதையர்!

ஆனால் ஒரு சிக்கல். ஒரு தளத்திலிருந்து வந்த ஸ்கிரிப்ட் இன்னொரு தளத்தின் பக்கத்தைத் தொடக்கூடாது என்று உலாவிகளில் ஒரு விதி உண்டு. 1995-ல் நெட்ஸ்கேப் காலத்திலேயே வந்தது. ஒரு கேஷியர் பக்கத்துக் கவுண்டர் கேஷ் பெட்டியில் கை வைக்கக்கூடாது இல்லையா, அதே மாதிரி. திருட்டைத் தடுக்கிற நல்ல விதிதான், ஆனால் சோதிப்பவருக்கும் அதே தடை. அதனால் சோதனை நிரலையும் மென்பொருள் இருக்கும் அதே சர்வரிலேயே நிறுவ வேண்டியிருந்தது. பால் ஹம்மன்ட் முதலானவர்கள் நடுவில் ஒரு தரகர் சர்வரை வைத்து, எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதாக உலாவியை நம்பவைத்தார்கள். அதுதான் செலினியம் ஆர்.சி.

2006-ல் ஜப்பானிலிருந்து ஷின்யா கசதானி என்பவர் ஃபயர்பாக்ஸுக்கு ஒரு நீட்சியைக் கொடுத்தார். செலினியம் ஐ.டி.இ. நீங்கள் சொடுக்கச் சொடுக்க அது பதிந்துகொள்ளும், பிறகு அதை அப்படியே திரும்பச் செய்யும். நிரல் எழுதத் தெரியாதவர்களும் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் ஒரு பாடமும் படித்தார்கள். கருவி பல சமயம் 'மூன்றாவது கட்டத்துக்குள் இரண்டாவது வரிசையில் நான்காவது பொத்தான்' என்று இடத்தை வைத்துப் பதிந்துவிடும். யாராவது மேலே ஒரு வரியைச் சேர்த்தால் போச்சு, எல்லாம் சிவப்பு. முகவரி கேட்டால் 'டீக்கடைக்கு அடுத்த வீடு' என்று சொல்வது மாதிரி. டீக்கடை மாறினால் வீடு கிடைக்காது. அதனால்தான், ஒவ்வொரு பொத்தானுக்கும் மாறாத ஓர் அடையாளப் பெயர் வைக்கும்படி நிரல் எழுதுபவரிடம் கேட்டு வாங்குங்கள் என்கிறார்கள். பதிவு செய்த ஸ்கிரிப்ட் தொடங்குவதற்கு நல்லது, அதையே வைத்துக் காலம் தள்ள முடியாது.

அடுத்த அடி அஜாக்ஸ். 2004-ல் ஜிமெயில் வந்தது, 2005-ல் அஜாக்ஸ் என்ற பெயரும் வந்தது. பக்கம் முழுவதும் மாறாமல் ஒரு மூலை மட்டும் மாறும். மனிதன் என்றால் பொறுத்திருந்து பார்ப்பான். ஸ்கிரிப்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது, தொகை வருவதற்குள் தேடிவிட்டு இல்லை என்று கை விரித்துவிடும். பயந்துபோய் ஒவ்வொரு இடத்திலும் பத்து விநாடி தூங்கு என்று எழுதினார்கள். நூறு இடத்தில் பத்து விநாடி என்றால் பதினாறு நிமிடத்துக்கு மேல் வெறும் தூக்கம்! அதோடு பதினோராவது விநாடி ஆகிற அன்றைக்கு மறுபடி சிவப்பு. இத்தனை விநாடி தூங்கு என்று சொல்லாதே, இந்த எண் திரையில் தெரியும்வரை காத்திரு, இத்தனை விநாடிக்கு மேல் ஆனால் விட்டுவிடு என்று சொல் என்பது இதிலிருந்து வந்த யோசனைதான்.

தாட்வொர்க்ஸிலேயே இன்னொருவர், சைமன் ஸ்டூவர்ட், வேறு வழி பிடித்தார். உலாவிக்குள் நுழைந்து ஸ்கிரிப்டால் ஏமாற்றுவதற்குப் பதில், வெளியிலிருந்து உலாவியையே ஓட்டுவது. அதற்கு வெப்டிரைவர் என்று பெயர். 2009-ல் இரண்டு அணியும் போட்டி போடாமல் ஒன்றுசேர முடிவெடுத்தார்கள். 2011 ஜூலையில் செலினியம் 2 வந்தது. பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. கேலிப் பெயரோடு ஆரம்பித்த இந்த முறையை 2018 ஜூன் 5 அன்று டபிள்யூ3சி, அதாவது வலைக்கான தர அமைப்பு, அதிகாரபூர்வத் தரமாக ஏற்றுக்கொண்டது. பெரும்பாலான உலாவிகளுக்கு அவற்றைத் தயாரிப்பவர்களே ஓட்டுநர் நிரல் தரும் நிலை வந்தது. வங்கிகளுக்குள் காசோலைக்கு ஒரே அளவு, ஒரே அமைப்பு வந்த மாதிரி.

இன்று போட்டிக்கும் ஆள் உண்டு. 2017-ல் கூகுளின் பப்பட்டியர், 2020-ல் மைக்ரோசாஃப்டின் பிளேரைட். பொத்தான் தயாராகும்வரை காத்திருப்பதை பிளேரைட் தானே செய்துகொள்ளும். எங்களை அவ்வளவு பாடுபடுத்திய எக்ஸ்ப்ளோரருக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-ல் நிறுத்திவிட்டது.

வங்கிக்காரன் கண்ணோட்டத்தில் இன்னும் இரண்டு. கேப்சா, ஓ.டி.பி. இரண்டையும் ஸ்கிரிப்டால் உடைக்க முயலாதீர்கள். அவை இருப்பதே இயந்திரத்தைத் தடுக்கத்தான். சோதனைச் சூழலில் மட்டும் அணைத்து வையுங்கள், நிஜச் சூழலில் அணைந்துபோகவில்லை என்று தனியாக ஒரு முறை பாருங்கள். அடுத்தது, ஒவ்வொரு சோதனைக்கும் தனக்கென்று ஒரு கணக்கு வேண்டும். நேற்றைய சோதனை மூடிய கணக்கில் இன்றைய சோதனை பணம் போடப் போனால் சிவப்பு வரும், ஆனால் மென்பொருளில் தப்பு இருக்காது. நிஜ வாடிக்கையாளர் விவரத்தை அங்கே கொண்டுபோகவே கூடாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. சோதனைக் கம்பெனியின் கவனக்குறைவு என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது, அப்படித்தான் எழுதச் சொன்னார்கள். அந்தப் பெண்ணின் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியது. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன், பொய் சொல்லவில்லை. எனக்கும் பதவி உயர்வு நேர்காணல் பக்கத்தில் இருந்தது. மூன்றாம் நாள் என் எக்செல் வரியையே நகலெடுத்து இணைத்து, எதிர்பார்க்கும் விடையைத் தப்பாக எழுதியது நான் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆசிரியருக்கு விட்டுப்போன வட்டியைப் பழைய தேதியிட்டு வரவு வைத்தார்கள். அதே திரையில் முடித்த மற்ற மூத்த குடிமக்கள் கணக்குகளையும் தேடிப் பிடித்துச் சரிசெய்தோம்.

பிறகு நானும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் திருத்தினோம். 'செய்தி வர வேண்டும்' என்பதை அடித்துவிட்டு, கையால் போட்ட தொகையைப் பைசா வரை எழுதினேன். அந்தப் பெண் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தாள். "புதுசா ஒரு டெஸ்ட் எழுதினா, முதல்ல வேணும்னே தப்பான தொகையைப் போட்டு ஓட்டுங்க சார். சிவப்பு வரணும். வரலைன்னா அந்த டெஸ்ட் எதையுமே பார்க்கலைன்னு அர்த்தம்."

எங்கள் கிளைகளில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கேஷ் எண்ணுவார்களே, அதே தத்துவம். நான் இத்தனை வருட சர்வீஸில் தெரிந்திருக்க வேண்டியதை அந்தப் பெண் சொன்னாள்.

அடுத்த முறை உங்கள் பிள்ளை போனில், "எல்லாம் பாஸ் ஆயிடுச்சுப்பா" என்று சொன்னால், தொகையைப் பார்த்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

டிஸ்கி: பதவி உயர்வு அந்த வருடம் வரவில்லை, அடுத்த வருடம் வந்தது. அந்தப் பெண்ணின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.