இலங்கைப் பாடசாலைகளில் வாசிப்புக் கல்வி: ஒரு வரலாற்று நோக்கு

எழுத்தைக் கண்ணாக மதிக்கும் மரபு தமிழ் மக்களிடையே மிகப் பழைமையானது. ஆயினும், எழுத்தறிதல் வேறு, வாசித்தல் வேறு. வரிவடிவத்தை இனங்கண்டு உச்சரிப்பவன் எழுத்தறிந்தவன். எழுதப்பட்டதன் பொருளைத் தானே உணர்ந்துகொள்பவனே வாசிக்கக் கற்றவன். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு இலங்கையிற் கடந்த 200 ஆண்டுகளாக நடைபெற்ற கல்வி முயற்சிகளை ஆராயுமிடத்து, ஓர் உண்மை புலனாகும். வாசிப்பை வளர்த்தற்கெனத் தோன்றிய முயற்சிகள், பரீட்சை என்னும் ஒரே அளவுகோலுக்கு உட்பட்டபோதெல்லாம் தம் நோக்கத்தினின்றும் வழுவின என்பதே அது.

திண்ணைப் பள்ளியிலே மாணவர் மணலில் விரலால் எழுதிப் பழகினர். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு என்பன முறையே மனனஞ் செய்யப்பட்டன. சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தான். சென்னை எழும்பூரிலே ஆதரவற்ற சிறுவர் விடுதியொன்றை 1789 முதல் மேற்பார்வை செய்த அந்திரு பெல் என்பார், மணலெழுத்தையும் மாணவனைக்கொண்டு மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் கையாண்டு, 1797இல் அதுபற்றி நூலெழுதினார். இங்கிலாந்திலே அது 'சென்னை முறை' எனப் பெயர்பெற்றுப் பரவிற்று. திண்ணைப் பள்ளியின் மனனத்தை இகழ்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அக்காலத்து ஏடுகளிலே மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுதலும் சொற்களைப் பிரித்தெழுதுதலும் பெரும்பாலும் இல்லை. செவிவழியாக முன்னரே அறிந்தவனுக்கே ஏடு எளிதில் விளங்கிற்று. ஆதலால் மனனம் அன்று வாசிப்பின் துணையாயிருந்தது, அதற்கு மாற்றாயிருக்கவில்லை.

அச்சுநூல் வந்தபின் நிலை மாறிற்று. 1816இல் யாழ்ப்பாணஞ் சேர்ந்த அமெரிக்க மிசனரிமார் ஊர்தோறும் பாடசாலைகளை அமைத்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையும் தோன்றின. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, மறு ஆண்டிலே அச்சியந்திரமும் பெற்றார். அவர் இயற்றிய பாலபாடங்கள் எழுத்து, சொல், சிறு வாக்கியம், நீண்ட உரைநடை எனப் படிப்படியாய் உயர்வன. அவர் பதிப்பித்த நூல்களிலே குறியீடுகள் இடம்பெற்றன; சந்தி வேண்டுமிடத்துப் பிரிக்கப்பட்டது. செய்யுளை ஓதிய பிள்ளைக்கு உரைநடையைக் கண்ணால் வாசிக்கும் வழியைத் திறந்தவை அந்நூல்களே எனலாம். சமயப் பணியாகத் தொடங்கிய அம்முயற்சி வாசிப்புக் கல்வியின் வரலாற்றிலும் ஒரு திருப்பமாயிற்று.

1869இல் அரசாங்கம் வித்தியாபகுதியை நிறுவிற்று. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகள் பெருகின. ஆனால், பெறுபேற்றுக்கேற்ற நன்கொடை என்னும் முறையும் உடன்வந்தது. வித்தியாதரிசி பாடசாலைக்கு வந்து, வாசிப்பு, எழுத்து, கணக்கு என்பவற்றிலே பிள்ளைகளைச் சோதிப்பார். சித்தியடைந்தோர் தொகைக்கேற்பப் பணம் வழங்கப்படும். இங்கிலாந்திலே 1862இல் இம்முறை புகுத்தப்பட்டபோது, கவிஞரும் பாடசாலைப் பரிசோதகருமாகிய மத்தேயு ஆர்னல்டு அதனை வன்மையாகக் கண்டித்தார். சோதிக்கப்படும் நூல் இன்னதென முன்னரே தெரிந்திருத்தலின், பிள்ளைகள் அதனை மனனஞ்செய்து, வாசிக்கக் கல்லாமலே வாசிப்பிற் சித்தியடைவர் என்பது அவர் கண்ட குறை. ஏட்டின் அருமையாற் பிறந்த பழைய மனனத்துக்குக் காரணமிருந்தது. பணத்தின் பொருட்டுப் பிறந்த புதிய மனனத்துக்கு அத்தகைய நியாயம் இல்லை. இங்கிலாந்தில் 1890களிலே கைவிடப்பட்ட அம்முறை, இலங்கையிலும் பின்னர் மறைந்தது. அதன் பழக்கமோ வகுப்பறையிலே தங்கிவிட்டது.

அப்பழக்கத்தை வெல்ல முயன்றோரும் இருந்தனர். கல்வி அதிகாரியாயிருந்த க. ச. அருணந்தியின் ஊக்கத்தால் 1935இல் 'பிள்ளைப் பாட்டு' என்னுந் தொகுதி வெளிவந்தது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் முதலியோர் பிள்ளைகள் நாளும் காணும் பொருள்களையே பாட்டாக்கினர். சிங்கள மொழியிலும் குமாரதுங்க முனிதாச இக்காலத்தை அண்டியே சிறுவர்க்கான வாசிப்பு நூல்களை இயற்றினார். பொருள் விளங்கினாற் பிள்ளை தானே வாசிக்கும் என்பது இருமொழியாரும் கண்ட தெளிவாகும்.

கொழும்பு நகரிலே சிக்கல் வேறு வடிவெடுத்தது. கட்டணம் பெறும் ஆங்கிலப் பாடசாலையிற் சேர்ந்த தமிழ்ப் பிள்ளை, வீட்டிலே பேசாத மொழியிலே வாசிப்பைத் தொடங்கிற்று. களனி ஆற்று முகத்துக்கு அணித்தான கொட்டாஞ்சேனையிலே விவேகானந்த சபையும் (1902), வெள்ளவத்தையிலே சைவ மங்கையர் கழகமும் தமிழ்ப் பிள்ளைகளின் கல்விக்கு உழைத்தமையின் அருமை இந்நிலையை நோக்கும்போதே விளங்கும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் அறிக்கை வெளியிட்டது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளிலே தாய்மொழியே போதனாமொழியாயிற்று. வாசிப்புக் கல்விக்கு இலங்கை அரசு செய்த பேருதவி இதுவே.

பயனும் பெரிது. 1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நூற்றுக்கு 58 பேரளவில் எழுத வாசிக்கத் தெரிந்தோராயிருந்தனர்; 1981இல் அத்தொகை 87 அளவுக்கு உயர்ந்தது. 1980 முதல் பாடநூல்கள் இலவசமாயின. ஆனால் குடிமதிப்பாளர் வீட்டார் சொல்லும் விடையை எழுதிக்கொள்வரேயன்றி, நூலொன்றைக் கையிற் கொடுத்துச் சோதிப்பதில்லை. மேலும், மலையகத் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். ஆசிரியரும் நூலும் கட்டடமும் அங்கே பிந்தியே சென்றன. தொகையின் உயர்வு எல்லாப் பிள்ளைகளின் உயர்வுமன்று.

1998இல் கம்பகா மாவட்டத்திலே தொடங்கி, 1999 முதல் நாடெங்கும் பரந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் இக்குறையை நோக்கிற்று. முதலிரு வகுப்புகள் ஒரு கட்டமாகவும், மூன்றாம் நான்காம் வகுப்புகள் மற்றொன்றாகவும், ஐந்தாம் வகுப்பு இறுதிக் கட்டமாகவும் வகுக்கப்பட்டன. விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்னும் மூன்றும் கற்பித்தலிலே இணைக்கப்பட்டன. நெடுங்கணக்கு 247 எழுத்தையும் ஓதி முடித்தபின்னரே சொல்லுக்குச் செல்லுதல் என்னும் பழைய வழிக்கு மாறாக, ட, ப, ம போன்ற எளிய வடிவங்களைக்கொண்டு 'படம்' என்ற சொல்லையும் அதன் பொருளையும் ஒருங்கே காட்டும் முறைக்கு இச்சூழல் ஏற்றதாகும்.

எனினும் இச்சீர்திருத்தத்தின் எதிரே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சை நிற்கின்றது. வறிய கிராமத்துப் பிள்ளையை மத்திய பாடசாலைக்கு உயர்த்துதற்கென 1940களிலே தோன்றிய இவ்வேற்பாடு உயரிய நோக்கமுடையது. ஆயின் காலப்போக்கிலே பிரபல பாடசாலைகளுக்குட் புகும் வாயிலாக அது மாறிற்று. பழைய வினாத்தாள்களை மீண்டும் மீண்டும் பயிலும் பிள்ளைக்குக் கதைநூலைத் தொட நேரமில்லை. சித்திபெறும் பிள்ளைமேற் கண்ணோட்டஞ் செல்ல, எழுத்துக் கூட்டித் தடுமாறும் பிள்ளை பின்வாங்கிலேயே இருந்துவிடுகின்றது. வித்தியாதரிசியின் நன்கொடை மறைந்து நூறாண்டு கடந்தும் அதன் நிழல் மறையவில்லை.

சட்டம் பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டுவரும். அரசு நூலை அதன் கையிலே கொடுக்கும். நூலுக்கும் பிள்ளைக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடப்பிப்பவர் முதலாம் வகுப்பு ஆசிரியரே. மிகத் தேர்ந்த ஆசிரியரை மேல்வகுப்புக்கு அனுப்பிவிட்டுக் கீழ்வகுப்பை யாரிடமேனும் ஒப்படைக்கும் வழக்கம் ஒழியுமாயின், அதுவே மேற்கூறிய சீர்திருத்தங்கள் அனைத்தையும் நிறைவுசெய்வதாகும். பின்வாங்கிலிருக்கும் பிள்ளை முன்பின் காணாத ஒரு பக்கத்தைத் தானே வாசித்துப் பொருள் கூறும் நாளே வாசிப்புக் கல்வியின் உண்மையான பரீட்சை நாள்.