ஏற்காட்டுக் காப்பியும் பிரான்சுத் திராட்சைத் தோட்டமும்

ஏற்காட்டுக்கு வருகிற நகரத்து நண்பர்களில் யாராவது ஒருத்தர் இதைக் கட்டாயம் கேட்டுவிடுவார்: "இவ்ளோ குளிரு இருக்கு, நல்ல மலைச்சரிவு இருக்கு. பிரான்சு, இத்தாலி மாதிரி இங்க ஏங்க திராட்சைத் தோட்டம் போட்டு ஒயின் பண்ணல?"

குளிர் மட்டும் பத்தாதுங்க. ஐரோப்பாவில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துத் தூங்கும். வசந்தத்தில் துளிர்க்கும், வறண்ட கோடையில் பழுக்கும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் கொடி தூங்குகிற அளவுக்குக் குளிராது. அதோடு தென்மேற்குப் பருவமழையும் வரும், வடகிழக்கும் வரும், நடுவில் மூடுபனி வேறு. அந்த ஈரத்தில் அடிச்சாம்பல் நோய் கொடியை விடாது. தமிழ்நாட்டுத் திராட்சை தேனிப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கில் விளைவதற்கு இதுதான் காரணம். அங்கே கொடி தானாகத் தூங்காது, கவாத்து பண்ணித்தான் காய்க்க வைக்கிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் அந்த நண்பர்கள் கேட்பது உண்மையில் ஒயினைப் பற்றி இல்லை என்று எனக்குத் தோன்றும். ஒரே குடும்பம் மூன்று நாலு தலைமுறையாகப் பார்த்துக்கொள்ளும் தோட்டம், தன் மாட்டுச் சாணத்தில் தானே உரம் செய்வது, விளைந்ததைத் தன் பெயரிலேயே விற்பது. இதைத்தான் அவர்கள் ஐரோப்பாவில் பார்த்துவிட்டு வந்து இங்கே தேடுகிறார்கள். சேர்வராயன் மலையில் அதற்குப் பக்கத்தில் வருவது காப்பித் தோட்டம். அந்தத் தோட்டங்களின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் ஐரோப்பாக்காரர் சமாசாரத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

1924 ஜூன் மாதம் கோபர்விட்ஸ் என்ற ஊரில் (அன்று ஜெர்மனி, இன்று போலந்து) ருடால்ஃப் ஸ்டெய்னர் விவசாயிகளுக்கு எட்டு உரைகள் நிகழ்த்தினார். ரசாயன உரம் வந்த பிறகு மண்ணும் விதையும் கெட்டுப்போகின்றன என்று புலம்பிய பண்ணைக்காரர்கள்தான் அவரைக் கூப்பிட்டார்கள். பயோடைனமிக் வேளாண்மை அங்கே தொடங்கியது. ஒரு பண்ணை என்பது ஒரே உடம்பு; மாடு, மண், மரம், பூச்சி எல்லாம் அதன் உறுப்புகள்; வெளியிலிருந்து வாங்குவதை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது. அதன் சாரம் இதுதான்.

அதில் ஒரு முறையைக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள். பசுவின் கொம்புக்குள் சாணத்தை அடைத்து, குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து வைத்து எடுக்க வேண்டும். பிறகு அதில் ஒரு கைப்பிடிக்கும் குறைவாக எடுத்துத் தண்ணீரில் போட்டு, ஒரு மணி நேரம் வலமும் இடமும் மாற்றி மாற்றிக் கலக்கி நிலத்தில் தெளிக்க வேண்டும். நிலாவைப் பார்த்து விதைப்பதும் உண்டு. பஞ்சாங்கம் பார்த்து ஏர் பூட்டின நமக்கு அது ஒண்ணும் புதுசு இல்லை.

பிரான்சில் லொவார் நதிக்கரையில் கூலே த செரான் என்று ஏழு ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. 1130ல் துறவிகள் நட்டது. 1980களில் நிக்கோலா ஜொலி அதை இந்த முறைக்கு மாற்றினார். ஏழு ஹெக்டேர்னா நம்ம கணக்கில் பதினேழு ஏக்கர் சொச்சம். அவ்வளவு சின்ன இடத்தின் பெயர் உலகம் முழுக்கத் தெரிகிறது. புட்டியின் மேல் அந்த இடத்தின் பெயரே இருப்பதுதான் முக்கியமான காரணம்.

கொம்புச் சாணம் வேலை செய்யுதான்னு கேட்டா, மாடு வளர்க்கிற எனக்கே அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் சுவிட்சர்லாந்தில் 1978ல் தொடங்கின ஒரு நீண்டகால வயல் சோதனை இருக்கிறது. பயோடைனமிக், சாதாரண இயற்கை முறை, ரசாயன முறை மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டுப் பார்த்தார்கள். 21 வருட முடிவுகள் 2002ல் வெளிவந்தன. இயற்கை முறைகளில் மகசூல் சுமார் 20 சதவீதம் குறைவு. ஆனால் உரத்துக்கும் எரிசக்திக்குமான தேவை 34 முதல் 53 சதவீதம் வரை குறைந்தது, மண்ணில் உயிர் கூடியது. கொம்பு இருக்கட்டும், கொம்பு வேண்டுமென்றால் மாடு வேண்டும், மாடு இருந்தால் எரு இருக்கும், எரு இருந்தால் உரக்கடைக் கடன் குறையும். என்னைப் பொறுத்தவரை சூட்சுமம் அதில்தான் இருக்கிறது.

இனி நம்ம மலைக்கு வருவோம்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் தான் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர். ஆப்பிள், பேரி மரங்களும் அவர் காலத்தில் வந்தவை. அவருடைய கிரேஞ்ச் தோட்டத்தின் பெயர் இன்றும் ஏற்காட்டில் வழங்குகிறது. ஆனால் அதற்கு முன்னால் மலை ஒன்றும் காலியாகக் கிடக்கவில்லை. மலையாளிகள் என்று அழைக்கப்படும் மலைவாழ் மக்கள் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடுகளாகப் பிரித்துக்கொண்டு அங்கே வாழ்ந்தார்கள். (கேரளத்து மலையாளிகள் இல்லை, மலையை ஆள்பவர்கள்.) காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. சாமையும் கேழ்வரகும் விதைத்தார்கள், மாடு வைத்திருந்தார்கள், உச்சியில் சேர்வராயனைக் கும்பிட்டார்கள். ஏற்காட்டுத் தோட்டங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பலரும் கலெக்டரில் ஆரம்பிப்பார்கள். நியாயமாக இவர்களிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் தென்னிந்தியா முழுக்கக் காப்பிப் பித்து பிடித்தது. குடகில் காட்டை மொட்டையடித்து, வெட்டவெளியில் காப்பி நட்டார்கள். நிழல் இல்லாவிட்டால் செடி சீக்கிரம் காய்க்கும், நிறையக் காய்க்கும். அந்த ஆசைதான். 1860களில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பிடித்துக்கொண்டது. இந்த வண்டு வெயில் படுகிற சூடான தண்டாகப் பார்த்துப் பட்டை இடுக்கில் முட்டை வைக்கும். புழு உள்ளே போய்த் தண்டைக் குடைந்துவிடும். வெளியே பச்சையாக நிற்கிற செடி திடீரென்று வாடும். மதராஸ் அரசு ஜார்ஜ் பிடி என்ற மருத்துவரை விசாரிக்க அனுப்பியது. 1869ல் அவருடைய அறிக்கை வந்தது. செடிக்கு நிழல் வேண்டும் என்பது அவர் சொன்ன தீர்வுகளில் ஒன்று.

அதே 1869ல் இலங்கையில் காப்பி இலைத் துரு நோய் தலைகாட்டியது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி படரும், இலை கொட்டும், செடி எலும்புக்கூடாக நிற்கும். மலை மலையாக ஒரே செடி நின்றதால் நோய்க்கு எந்தத் தடையும் இல்லை. இருபது வருடத்துக்குள் இலங்கைக் காப்பி கிட்டத்தட்ட அழிந்து அங்கே தேயிலை வந்தது. அந்தக் காப்பி மலைகளில் வேலை செய்தவர்கள் சேலம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன நம்ம ஜனங்கள்தான். தோட்டம் விழுந்தபோது முதலில் பட்டினி கிடந்ததும் அவர்களே.

துரு நோய் நம்ம பக்கத்துக்கும் வந்தது. ஆனாலும் காப்பி இங்கே பிழைத்தது, இன்றைக்கும் சேர்வராயன் மலையில் காப்பி நிழலில்தான் வளர்கிறது. மேலே பலா, கல்யாண முருங்கை, காட்டு மரங்கள். பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக். அது நெடுநெடுவென்று நிற்கும், அதன்மேல் மிளகுக் கொடி ஏறும். நடுவில் ஆரஞ்சு, கீழே காப்பி. இலைச்சருகு மண்ணை மூடும், பாறைச்சரிவில் மழைத்தண்ணி மண்ணை அரிக்காது. காப்பி விலை விழுகிற வருடத்தில் மிளகு காப்பாற்றும். "பண்ணை ஒரே உடம்பு" என்று ஸ்டெய்னர் பேசுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, வண்டும் பூஞ்சையும் தென்னிந்தியக் காப்பிக்காரர்களுக்கு அந்தப் பாடத்தை நடத்திவிட்டன. அதற்குக் கட்டின சம்பளம்தான் ரொம்ப அதிகம்.

சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரர் தோட்டங்கள் பல இந்தியக் குடும்பங்களின் கைக்கு வந்தன. 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் காப்பி, தேயிலை போன்ற தோட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தது. மலைத் தோட்டங்கள் துண்டாகாமல் பெரிசாகவே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் பிரான்சுக்காரருக்குக் கிடைத்த ஒன்று நம்ம காப்பிக் குடும்பங்களுக்குக் கிடைக்கவில்லை. அது பெயர். 1942ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டப்படி, விளைந்த காப்பியைத் தோட்டக்காரர் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். உலகப் போரில் ஏற்றுமதிச் சந்தை படுத்தபோது விவசாயியைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு அது. நிச்சயமாகக் காப்பாற்றவும் செய்தது. ஆனால் தொகுப்புக்குள் போனபின் எல்லாம் தரவாரியாகக் கலந்துவிடும். உச்சி மலையில் நிழலில் மெதுவாகப் பழுத்த கொட்டையும், எங்கோ அவசரமாகப் பறித்த கொட்டையும் ஒரே மூட்டையில். பணம் தவணை தவணையாக வரும். நன்றாகச் செய்தவனுக்குத் தனிப்பெயர் இல்லை, தனி விலையும் இல்லை.

1992 தொடங்கி இந்தக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து 1996ல் முழுக்க விலகியது. அப்புறம்தான் தோட்டத்தின் பெயரைப் பொட்டலத்தில் போட்டு விற்க வழி பிறந்தது. ஆனால் பாதுகாப்பும் சேர்ந்தே போய்விட்டது. உலக நாடுகளின் காப்பி ஒதுக்கீட்டு ஒப்பந்தம் 1989லேயே உடைந்திருந்தது. 2001, 2002ல் உலகச் சந்தையில் காப்பி விலை பல பத்தாண்டுகளில் இல்லாத அடிமட்டத்துக்கு விழுந்தது. அந்த மாதிரி அடி இரண்டு முறை விழுந்தால், தோட்டத்தைப் படிக்கப்போன பிள்ளைகளிடம் கொடுப்பதா, ரிசார்ட் போடுகிறவரிடம் கொடுப்பதா என்ற பேச்சு வீட்டுக்குள் வந்துவிடும்.

முறை நல்லதாக இருந்தால் குடும்பம் நிலைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. டார்ஜிலிங்கில் மகைபாரி என்று 1859ல் தொடங்கின தேயிலைத் தோட்டம். பானர்ஜி குடும்பம் நாலு தலைமுறையாக நடத்தியது. பயோடைனமிக் முறைக்கு உலகப் பெயர் வாங்கிய தோட்டம் அது. 2014ல் பெரும்பங்கு ஒரு பெரிய தேயிலைக் குழுமத்தின் கைக்குப் போனது. பெயரும் புகழும் இருந்த அவர்கள் நிலைமையே அப்படி.

சேர்வராயன் மலை இன்னொரு வழியையும் பார்த்திருக்கிறது. மேட்டூர் மால்கோ ஆலைக்காக இந்த மலையில் பாக்சைட் வெட்டினார்கள். இப்போது அது நின்றுவிட்டது. வெட்டின மண் ஒரு தடவைதான் காசு தரும். மரமும் காப்பியும் இருக்கிற மண் வருடா வருடம் தரும், கொஞ்சமாகத் தரும். மலையை வைத்திருக்கிறவர்களுக்கு முன்னால் எப்போதும் இருக்கிற கணக்கு இதுதான். ரிசார்ட்டும் அந்தக் கணக்கில் பாக்சைட் பக்கம்தான் வரும்.

இதில் குடும்பம் என்று சொல்லும்போது உரிமையாளர் குடும்பத்தை மட்டும் நினைத்துவிட வேண்டாம். காப்பிப் பழம் எல்லாம் ஒரே நாளில் சிவக்காது. நவம்பரிலிருந்து ஜனவரி வரைக்கும் அதே செடிக்குத் திரும்பத் திரும்பப் போய்ச் சிவந்ததை மட்டும் பறிக்க வேண்டும். ஒயினுக்குத் திராட்சை பறிப்பது மாதிரியே கண்ணும் கையும் சேர்ந்து செய்கிற வேலை. பச்சையும் சிவப்பும் கலந்து உருவினால் அப்புறம் எந்தப் பல்பரும் எந்தக் களமும் அந்தச் சுவையைத் திருப்பிக் கொடுக்காது. அந்தக் கைகள் பெரும்பாலும் மலைக்கிராமத்துப் பெண்களின் கைகள். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே இரண்டு, அதில் ஒன்று ஏற்காடு. பொட்டலத்தில் தோட்டத்தின் பெயர் வந்து கூடுதல் விலை கிடைத்தால், அதில் ஒரு பங்கு இவர்கள் கூலியிலும் தெரிய வேண்டும். இல்லையென்றால் இன்னும் பத்து வருடத்தில் பறிக்க ஆள் இருக்காது.

2019ல் குடகு, சிக்மகளூர், பாபாபுடன்கிரி அராபிகா, வயநாடு ரோபஸ்டா, அரக்கு என்று ஐந்து காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் சேர்வராயன் மலை இல்லை. காப்பி வாரியம் வட்டாரக் காப்பிகள் என்று சொல்லும் 13ல் நம்ம மலை இருக்கிறது. ஆனால் சென்னையிலோ கோவையிலோ டிகிரி காப்பி குடிக்கிறவருக்கு அது தெரியாது. அவர் வாங்குகிற பொட்டலத்தில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும், எந்த மலை என்று இருக்காது.

அதனால் நகரத்து நண்பர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அடுத்த முறை காப்பித்தூள் அரைக்கப் போகும்போது கடைக்காரரிடம், "இது எந்த மலைக் கொட்டைங்க? நிழல்ல வளர்ந்ததா?" என்று கேளுங்கள். முதல் நாள் அவர் முழிப்பார். பத்துப் பேர் கேட்டால் அவர் தன் வியாபாரியிடம் கேட்பார். நிழல் மரத்தை வெட்டாமல் வைத்திருக்கிற தோட்டக்காரருக்கு ஏக்கருக்கு மகசூல் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். அந்தக் குறையை மலையின் பெயருக்குக் கிடைக்கிற விலைதான் ஈடுகட்ட முடியும்.