சங்குத் தபால்தலையும் ஓரணாக் கோயிலும்



நேற்று பரணைச் சுத்தம் செய்தபோது என் பழைய தபால்தலை ஆல்பம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நான் கொண்டுவந்து காட்டியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். சோற்றுப் பசை தடவி ஒட்டியதால் பாதி பாழ். அப்போது விவரம் தெரியாது.

"நம்ம ராஜா ஏன் சார் தபால்தலை அடிக்கல?" என்று வருடா வருடம் யாராவது ஒருவர் கேட்பீர்கள். புதுக்கோட்டைக்கு பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசு இருந்தது, தபால்தலை இல்லை. திருவிதாங்கூருக்கு இருந்தது. அங்கே தபாலுக்கு அஞ்சல் என்றே பெயர். 1888இல் வெளியிட்ட முதல் தபால்தலையிலேயே நடுவில் சங்கு. அது சமஸ்தானத்தின் சின்னம். 1750இல் மார்த்தாண்ட வர்மா ராஜ்யத்தையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, தன்னை அவருடைய தாசன் என்று சொல்லிக்கொண்டவர். ஆகவே மன்னர் முகத்துக்குப் பதில் பெருமாளின் சங்கு. விலை காசிலும் சக்கரத்திலும் இருக்கும், 16 காசு ஒரு சக்கரம். நாகர்கோவில் பக்கத்துத் தமிழர்களும் இந்தச் சங்கை ஒட்டித்தான் கடிதம் போட்டார்கள்.

பிரிட்டிஷ் இந்தியத் தபால்தலையில் கட்டடங்கள் வந்தது 1931இல். புதுடெல்லித் திறப்புக்காக ஆறு தலைகள், ஆறும் டெல்லிதான். நம் பக்கத்துக்கு இடம் கிடைத்தது 1935இல், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா வரிசையில். ஓரணாத் தலையில் ராமேஸ்வரம் கோயில். சுதந்திரத்துக்குப் பின் 1949 ஆகஸ்ட் 15இல் வந்த 16 தலைகளில் சாஞ்சி, தாஜ்மகால், குதுப்மினார் எல்லாம் உண்டு. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றுகூட இல்லை! இரண்டணாவில் நடராஜர் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரமாவது ஆண்டு நிறைந்தபோது, 2010இல், ஒரு தலை வெளியிட்டார்கள்.

இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. ஒருநாள் அந்த ஓரணாத் தலையைக் காட்டிக்கொண்டிருந்தேன். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், அப்ப எங்க தாத்தாவ அந்தக் கோயிலுக்குள்ள விட்டிருப்பாங்களா?" என்று கேட்டான். வகுப்பே அமைதியாகிவிட்டது. நான், "படத்தைப் பாருடா, பாடத்துக்கு வா" என்று சொல்லி அடுத்த பக்கம் திருப்பினேன். எனக்கு விடை தெரியாமல் இல்லை. சொல்லத் துணிவில்லை. அவன் உட்கார்ந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

விடை இதுதான் தம்பி. விட்டிருக்க மாட்டார்கள். 1935இல் சென்னை மாகாணத்தின் பெரிய கோயில்கள் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறக்கவில்லை. ஓரணா கொடுத்தால் கோயில் படத்தை யாரும் வாங்கலாம், நாக்கால் நனைத்து ஒட்டலாம், வாசல்தான் அடைத்திருந்தது. திருவிதாங்கூரிலும் அதே கதை. 1931இல் சித்திரைத் திருநாள் மன்னர் முடிசூடியபோது ஆறு காசுத் தலையில் பத்மநாபர் சந்நிதியைப் போட்டார்கள். அதற்கு ஆறேழு வருடம் முன்னால் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவே சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது, நம் பெரியார் போய்ச் சிறையிருந்தார். 1936 நவம்பர் 12இல் அதே மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். மறுவருடம் அதற்கென்றே நான்கு தபால்தலைகள் வந்தன, மன்னர் படமும் கோயிலுமாக. நம் பக்கம் 1939 ஜூலை 8இல் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். சட்டமும் அந்த வருடமே வந்தது.

இவ்வளவையும் அன்றே பத்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

அந்த மாணவன் பெயரை இங்கே எழுதவில்லை, அவனுக்குத் தெரியும். வகுப்பில் உடன் இருந்தவர்கள் யாராவது அவனுக்கு இந்தப் பதிவை அனுப்புங்கள். ஆலயப் பிரவேசத் தலை என்னிடம் ஒன்று இருக்கிறது, பசை படாதது. தனியே உறையில் எடுத்து வைத்திருக்கிறேன். ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வா தம்பி.